ஷாலால்: ஒரு சொல்லின் வரலாறு

ஒரு சொல்லுக்குப் பொருள் யாது என்று மாணவன் வினவினால், அகராதியைத் திறந்து காட்டிவிடுவது எளிது. அகராதி ஒரு சொல்லுக்கு எதிரே மற்றொரு சொல்லை நிறுத்தும். அவ்வளவில் அதன் கடமை முடிந்தது. அச்சொல்லை மக்கள் எந்த வேளையில், எவரை நோக்கி, எந்த மனநிலையோடு ஆண்டார்கள் என்பதை ஆராய்ந்த பின்னரே அதன் பொருள் நமக்கு வசப்படும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளியில் மொழிப்பாடம் நடத்தியவன் என்ற முறையில் இதை நான் உறுதியாகச் சொல்லலாம். இன்று அவ்வாறு ஆராய்வதற்கு எபிரெய மொழிச் சொல் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அது 'ஷாலால்' என்பது. விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் பல இடங்களில் வருகிறது. தமிழ் விவிலியம் பெரும்பாலும் இதைக் 'கொள்ளை' என்று பெயர்த்திருக்கிறது. போரில் வென்றவன் தோற்றவனிடமிருந்து கைப்பற்றியது என்பது அதன் நேர்பொருள்.

போரில் கைப்பற்றிய பொருளைப்பற்றி நாம் ஏன் சிந்திக்க வேண்டும் என்று அன்பர்கள் கேட்கலாம். ஒரு சமுதாயம் வெற்றியை எவ்வாறு எண்ணியது, தோற்றவர்களை எவ்வாறு நடத்தியது, உழைத்தவர்க்கெல்லாம் பங்கு கொடுத்ததா என்ற கேள்விகளுக்கு இந்த ஒரு சொல்லுக்குள்ளேயே விடை கிடைக்கிறது. ஆகவே இச்சொல் வரும் இடங்களிலெல்லாம் நாம் மூன்று வினாக்களை எழுப்புவோம். எடுத்தவர் யார்? இழந்தவர் யார்? பங்கு பெற்றவர் யார்?

முதலில் சொல்லின் வேரைப் பார்ப்போம். எபிரெயச் சொற்களுள் பெரும்பாலானவை மூன்று மெய்யெழுத்துகளை வேராகக் கொண்டவை. ஷாலால் என்பதன் வேர் ஷ், ல், ல் என்னும் மூன்று. அண்டை நாடாகிய அசீரியாவில் வழங்கிய அக்காதிய மொழியிலும் இவ்வேர் உண்டு. அங்கே 'ஷலாலு' என்றால் கவர்ந்து செல்லுதல்; 'ஷல்லத்து' என்றால் கவர்ந்த பொருளும் சிறைபிடித்த மக்களும். அரபு மொழியிலோ இதே வேர் உறையிலிருந்து வாளை உருவுதலைக் குறிக்கும்.

உருவுதல் என்னும் பொருள் எபிரெயத்திலும் ஓரிடத்தில் தலைகாட்டுகிறது. ரூத் என்னும் ஏழைக் கைம்பெண் அறுவடை வயலில் கதிர் பொறுக்க வருகிறாள். நிலத்துக்குரியவனாகிய போவாஸ் தன் வேலையாட்களை அழைத்து, கட்டிய அரிகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போடும்படியும், அவள் பொறுக்கும்போது அதட்டாதிருக்கும்படியும் சொல்கிறான். அந்த 'உருவிப் போடுதல்' என்னும் வினைக்கு மூலத்தில் இதே மூன்றெழுத்துகள் நிற்கின்றன. இரண்டும் ஒரே வேர்தாம் என்பர் சிலர். ஒலியால் ஒத்த இரு வேறு வேர்கள் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், ஒரே எழுத்துக்கூட்டம் ஓரிடத்தில் வாளின் வலியால் பிறர் பொருளைப் பறிப்பதையும், மற்றோரிடத்தில் தன் பொருளிலிருந்து ஏழைக்கு உருவிக் கொடுப்பதையும் சுட்டுவது எண்ணி மகிழத்தக்கது.

இனி, ஷாலாலோடு உறவு பூண்ட சில சொற்களையும் அறிந்துகொள்ள வேண்டும். 'பாஸ்' என்பது ஒன்று. சூறையாடிப் பெற்றது என்று சொல்லலாம். 'மல்கோவாஹ்' என்பது மற்றொன்று; எடுத்தல், கொள்ளுதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. நம் மொழியில் 'கொள்' என்னும் வினையடியாகக் 'கொள்ளை' பிறந்தது போன்றதே இது. 'ஷெவி' என்பது சிறைபிடிக்கப்பட்ட மக்கள். இந்நான்கும் ஒரே அதிகாரத்தில் அடுத்தடுத்து வருவதை எண்ணாகமத்தின் 31ஆம் அதிகாரத்தில் காணலாம். மீதியானியரோடு நடந்த போருக்குப் பின் கைப்பற்றியவற்றைக் கணக்கிடும் பகுதி அது.

பிரான்சு நாட்டிலே திராய் நகரில் வாழ்ந்த யூதப் பேரறிஞர் ராஷி (1040–1105) இப்பகுதிக்கு உரை எழுதும்போது இச்சொற்களை வரையறுத்துக் காட்டுகிறார். ஆடையும் அணிகலனும் ஷாலால். அணிகலன் அல்லாத மற்றத் தட்டுமுட்டுப் பொருள்கள் பாஸ். மனிதரும் விலங்கும் மல்கோவாஹ். ஷெவி என்னும் சொல்லும் உடன் வருமாயின் ஷெவி மனிதரையும் மல்கோவாஹ் விலங்கையும் குறிக்கும் என்பது அவர் பகுப்பு. அந்த அதிகாரத்தின் அளவில் இது பெரிதும் பயன்படுவது. விவிலியம் முழுவதற்கும் இதை நீட்ட இயலாது. வேறிடங்களில் ஆடுமாடுகளும் ஷாலால் எனப்படுகின்றன; உபாகமத்தின் 20ஆம் அதிகாரம், பிடிபட்ட நகரத்துப் பெண்களையும் குழந்தைகளையும் கால்நடைகளையும் அடுக்கிச் சொல்லிக்கொண்டே போய் ஷாலால் என்ற சொல்லில் முடிக்கிறது.

அதே எண்ணாகமப் பகுதியில் பங்கீட்டு முறையும் விளக்கமாக இருக்கிறது. ஆடுகள் 6,75,000, மாடுகள் 72,000, கழுதைகள் 61,000, பெண்மக்கள் 32,000 என்று தொகை தரப்படுகிறது. இவற்றை இரு சமபாகமாக்கி, ஒரு பாகம் போருக்குச் சென்றவர்களுக்கும், மறுபாகம் வீட்டிலிருந்த மக்களுக்கும் வழங்கப்படுகின்றது. வீரர் தம் பாகத்தில் 500க்கு ஒன்று இறைவனுக்குரியதாகக் குருவிடம் கொடுக்க வேண்டும். மக்கள் தம் பாகத்தில் 50க்கு ஒன்று திருக்கூடாரப் பணிபுரியும் லேவியருக்குக் கொடுக்க வேண்டும். உயிரைப் பணயம் வைத்தவன்மீது வரி குறைவு. வீட்டிலிருந்தவன்மீது அதைவிடப் பத்து மடங்கு. கணக்குப் பாடமாக நடத்தத்தக்க ஒழுங்கு இதில் இருக்கிறது. ஆயினும் அந்தப் பட்டியலிலே ஆடு, மாடு, கழுதை என்ற வரிசையின் கடைசியில் மனித உயிர்களும் நிற்பதைக் கண்டும் காணாதவர்போல் நாம் கடந்துவிடக் கூடாது. பங்கீடு நேர்மையாக நடந்தது என்பதனால் பங்கிடப்பட்டவர்களின் துயரம் குறைந்துவிடாது. நம் மூன்று வினாக்களுள் இரண்டாவதை மறந்துவிட்டால் மற்ற இரண்டும் வெறும் கணக்காகப் போய்விடும்.

எபிரெய மக்களே பின்னாளில் பிறருடைய பட்டியலில் எண்ணப்பட்டார்கள். கி.மு. 701ஆம் ஆண்டில் அசீரிய வேந்தன் சனகெரிப் யூதேயாவின்மேல் படையெடுத்தான். அவன் வெற்றிகளை எழுதிவைத்த அறுபட்டைக் களிமண் தூண் ஒன்று நினிவே நகரில் கிடைத்து, இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரண் சூழ்ந்த 46 நகரங்களைப் பிடித்ததாகவும், அவற்றிலிருந்து 2,00,150 மக்களை வெளியேற்றிக் கொள்ளையாக எண்ணியதாகவும் அவன் அதில் கூறிக்கொள்கிறான். தொகை மிகையோ என்று ஆராய்ச்சியாளர் ஐயுறுவர். ஆனால் சொல்லில் ஐயமில்லை. மக்களைக் குறிக்க அவன் ஆண்ட சொல் ஷாலாலின் உடன்பிறப்பாகிய அக்காதியச் சொல்லே. லாகீசு என்னும் யூதேய நகரின் வீழ்ச்சியை அவனுடைய அரண்மனைச் சுவரில் புடைப்புச் சிற்பமாக வடித்திருந்தார்கள்; அதுவும் அதே அருங்காட்சியகத்தில் உள்ளது. அரியணையில் வீற்றிருக்கும் வேந்தன்முன் லாகீசின் 'ஷல்லத்து' அணிவகுத்துச் சென்றது என்று அதன்மேல் பொறித்திருக்கிறார்கள். கீழே சிற்பத்தைப் பார்த்தால், மூட்டைமுடிச்சுகளோடு வெளியேறும் குடும்பங்கள் தெரிகின்றன. மாட்டு வண்டியிலே பெண்களும் பிள்ளைகளும் அமர்ந்து போகிறார்கள். கல்வெட்டுச் சொல்லும் சிற்பமும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

பங்கீட்டைப்பற்றி மேலும் சிறிது சொல்ல வேண்டும். எபிரெயத்தில் ஷாலால் என்னும் பெயரோடு அடிக்கடி சேர்ந்து வரும் வினை 'பங்கிடுதல்' என்பது. ஆதியாகமத்தின் இறுதியில் யாக்கோபு தன் மகன் பென்யமீனை ஓநாய்க்கு ஒப்பிட்டு, மாலையில் அவன் ஷாலாலைப் பங்கிடுவான் என்கிறான். யாத்திராகமத்தின் வெற்றிப் பாடலில், துரத்தி வரும் பகைவனும் நான் ஷாலாலைப் பங்கிடுவேன் என்றுதான் கொக்கரிக்கிறான். கொள்ளை என்றவுடன் அவர்கள் மனக்கண்முன் நின்றது பறிக்கும் காட்சியைக் காட்டிலும் பங்கிடும் காட்சியே போலும். தமிழிலும் இதற்கு இணையான வழக்கு உண்டு. தொல்காப்பியம் வெட்சித்திணையின் துறைகளுள் ஒன்றாகப் 'பாதீடு' என்பதைச் சொல்கிறது; கவர்ந்து வந்த ஆநிரைகளைப் பகுத்துக் கொடுத்தல் என்பது அதன் பொருள்.

இப்பங்கீட்டின் அறத்தை விளக்கும் சிறந்த நிகழ்ச்சி சாமுவேலின் முதல் நூலில் 30ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தாவீது அரசனாவதற்குமுன் சிக்லாகு என்னும் ஊரில் தங்கியிருந்தான். அவன் வெளியே சென்றிருந்த வேளையில் அமலேக்கியர் அவ்வூரைக் கொளுத்தி, பெண்களையும் பிள்ளைகளையும் கொண்டுபோய்விட்டார்கள். தாவீது 600 பேரோடு துரத்திச் செல்கிறான். பேசோர் என்னும் ஆற்றை அடைந்தபோது 200 பேர் களைத்துப்போய்த் தங்கிவிட, மற்ற 400 பேர் தொடர்கின்றனர். வழியிலே நோயுற்றதனால் தலைவனால் கைவிடப்பட்ட எகிப்திய அடிமை ஒருவன் கிடக்கிறான். அவனுக்கு உணவும் நீரும் கொடுத்துத் தேற்றுகிறார்கள், அவனே வழிகாட்டுகிறான். பகைவரை வென்று, இழந்த அனைத்தையும் மீட்டு, பகைவரின் மந்தைகளையும் ஓட்டிவருகிறார்கள். 'இது தாவீதின் ஷாலால்' என்ற முழக்கம் எழுகிறது.

ஆற்றங்கரைக்குத் திரும்பியபோதுதான் சிக்கல் பிறக்கிறது. உடன் வராதவர்களுக்கு அவரவர் மனைவி மக்களைத் தவிர வேறெதுவும் கொடுக்கலாகாது என்று சிலர் வாதிடுகிறார்கள். தாவீது அதற்கு இணங்கவில்லை. இது கடவுள் நமக்குத் தந்தது. களத்தில் இறங்கியவனுக்கும் மூட்டைகளைக் காத்திருந்தவனுக்கும் பங்கு ஒன்றே என்று தீர்ப்பளிக்கிறான். அன்றுமுதல் இது இஸ்ரவேலில் சட்டமாக நிலைத்தது என்று நூல் கூறுகிறது. வாதிட்டவர்கள் பொருளைத் தங்கள் வீரத்தின் கூலியாகக் கண்டார்கள்; தாவீது அதைக் கொடையாகக் கண்டான். கூலி என்றால் உழைப்புக்கு ஏற்ப அளக்க வேண்டும். கொடை என்றால் அளப்பதற்கு இடமில்லை. பின்னர் அவன் யூதாவின் மூப்பர்களுக்கும் ஷாலாலிலிருந்து அனுப்புகிறான். அந்த அன்பளிப்பைக் குறிக்கும் எபிரெயச் சொல் 'பெராகா'. 'ஆசீர்வாதம்' என்பதற்கும் அதுவே சொல்.

எடுக்கலாகாத கொள்ளையும் உண்டு. அதற்கு 'ஹேரெம்' என்று பெயர்; தமிழ் விவிலியம் 'சாபத்தீடு' என்கிறது. முற்றிலும் இறைவனுக்கென்று விலக்கப்பட்டதாகையால் மனிதன் தொடலாகாது. எரிகோ நகர் விழுந்தபோது ஆகான் என்பவன் அழகிய சால்வை ஒன்றையும், 200 சேக்கல் வெள்ளியையும், 50 சேக்கல் எடையுள்ள பொன்பாளத்தையும் எடுத்துத் தன் கூடாரத்து மண்ணில் புதைத்து வைத்தான். இக்கதையில் சொல்லாட்சியைக் கவனியுங்கள். நூலாசிரியர் அவன் எடுத்ததை ஹேரெம் என்று கூறித் தொடங்குகிறார். ஆகானோ தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதும் ஷாலாலின் நடுவே கண்டு இச்சித்தேன் என்கிறான். விலக்கப்பட்ட பொருளுக்கு அவன் மனம் பழகிய பெயரைச் சூட்டிக்கொண்டது. தவறு செய்கிறவன் முதலில் பெயரைத்தான் மாற்றுகிறான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதற்கு எதிரான காட்சி எஸ்தர் நூலில் இருக்கிறது. தம்மை அழிக்க எழுந்த பகைவரின் ஷாலாலைச் சூறையாடிக்கொள்ள யூதர்களுக்கு அரசாணையே அனுமதி தந்தது. ஆயினும் அவர்கள் கொள்ளையில் கைவைக்கவில்லை என்று நூல் மூன்று முறை சொல்கிறது. அனுமதி இருந்தும் எடுக்காதிருப்பது தனிப் பெருமை என்பதை அந்த மும்முறைக் கூற்று உணர்த்துகிறது.

தீர்க்கதரிசி ஏசாயா இச்சொல்லைத் தம் குழந்தைக்கே பெயராக வைத்தார். 'மகேர் ஷாலால் ஹாஷ் பாஸ்' என்பது அப்பெயர். கொள்ளை விரைகிறது, சூறை முந்துகிறது என்று பொருள்படும். அக்குழந்தை அப்பா, அம்மா என்று அழைக்கப் பழகுமுன்னே தமஸ்குவின் செல்வமும் சமாரியாவின் ஷாலாலும் அசீரிய அரசனுக்கு முன்பாகக் கொண்டுபோகப்படும் என்பது செய்தி. தமஸ்கு கி.மு. 732இல் வீழ்ந்தது, சமாரியா ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப்பின் வீழ்ந்தது. தெருவில் விளையாடும் பிள்ளையை வீட்டார் கூப்பிடும்போதெல்லாம் அரசியல் எச்சரிக்கை ஒன்றும் உடன் ஒலித்திருக்கும்.

தோற்றவர்களின் துயரத்தை ஒரு சொல்லும் கூறாமலே காட்டும் இடம் ஒன்று நியாயாதிபதிகள் நூலில் தெபோராளின் பாடலில் உண்டு. கானானியச் சேனாபதி சிசெரா கொலையுண்டு கிடக்கிறான். அதை அறியாத அவன் தாய் பலகணி வழியாகப் பார்த்துத் தேர் வர ஏன் தாமதம் என்று ஏங்குகிறாள். ஷாலாலைப் பங்கிட்டுக்கொண்டிருப்பார்கள், ஆளுக்கு ஓரிரு பெண்கள், சிசெராவுக்குப் பலநிறச் சித்திர ஆடைகள் என்று தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொள்கிறாள். அந்த ஒரே வசனத்தில் ஷாலால் நான்கு முறை ஒலிக்கிறது. பிற வீட்டுப் பெண்கள் தன் மகனின் படைக்குக் கொள்ளையாவதை எண்ணி மகிழ்பவளும் ஒரு பெண். அவளே அந்நேரத்தில் மகனை இழந்து நிற்கிறாள். எடுத்தவர், இழந்தவர் என்னும் இரு விடைகளும் இங்கே ஒருத்தியிடமே வந்து கூடுகின்றன. வியப்பு என்னவெனில், இப்பாடலில் பலநிற ஆடைக் கொள்ளையைக் குறித்த 'ஷெலால் ஸெவாயிம்' என்னும் தொடர், இன்றைய எபிரெயத்தில் பல வண்ணங்களின் பெருக்கம் என்ற இனிய பொருளில் வழங்குகிறது. பூந்தோட்டத்தை வருணிக்கவும் அதைச் சொல்வார்கள்.

சொல் போர்க்களத்தை விட்டு இல்லத்துக்குள் புகுந்ததும் உண்டு. நீதிமொழிகளின் கடைசி அதிகாரம் நல்ல மனைவியைப் போற்றும்போது, அவள் கணவனுக்கு ஷாலால் குறையாது என்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் இங்கே 'சம்பத்து' என்று பெயர்த்தனர். அது பொருத்தமே, ஆனால் மூலத்தில் உள்ள மிடுக்கு அதில் சற்றுக் குறைந்துவிடுகிறது. வீட்டிலிருந்தே போர்வீரனைப்போலச் செல்வத்தை வென்று வருகிறவள் என்பது கவிஞரின் குறிப்பு. 119ஆம் சங்கீதமோ, இறைவாக்கைக் கண்டு களிப்பவனைப் பெரிய ஷாலாலைக் கண்டெடுத்தவனுக்கு ஒப்பிடுகிறது.

இச்சொல்லின் மிக ஆழமான ஆட்சி எரேமியாவின் நூலில் இருக்கிறது. பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்ட காலம். நகரத்தில் பஞ்சமும் கொள்ளைநோயும் பரவின. நகரம் தப்பாது என்று எரேமியா சொன்னதற்காக அவரைச் சேறு நிறைந்த குழியில் இறக்கிவிட்டார்கள். அரண்மனைப் பணியாளனாகிய எபெத்மெலேக்கு என்னும் எத்தியோப்பியன் அரசனிடம் அனுமதி பெற்று, கயிறு அறுக்காதபடி கிழிந்த துணிகளை அக்குள்களில் வைத்துக்கொள்ளச் செய்து, அவரை மேலே தூக்கினான். அவனுக்கு எரேமியா வழியாக வந்த வாக்குறுதி, உன் உயிரே உனக்கு ஷாலாலாக இருக்கும் என்பது. இதே தொடர், நகரைவிட்டு வெளியேறுவோருக்கும், எரேமியாவின் எழுத்தராகிய பாருக்குக்கும் சொல்லப்பட்டு, அந்நூலில் நான்கு இடங்களில் வருகிறது.

தோற்ற படையின் வீரன் வீடு திரும்பும்போது, என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டால், என் உயிரைக் கொண்டுவந்தேன் என்றுதான் அவன் சொல்ல இயலும். அந்தக் கசப்பான பேச்சிலிருந்தே இத்தொடர் பிறந்திருக்கலாம் என்பர் அறிஞர். பாருக்கிடம், உனக்கென்று பெரிய காரியங்களைத் தேடாதே என்று முதலில் கூறிவிட்டுப் பின்னரே இவ்வாக்குறுதி தரப்படுகிறது. நகரம் எரியும்போது பொன்னும் பட்டமும் எவருக்கும் மிஞ்சா. மிஞ்சிய உயிரைச் சொந்த உடைமையென்று எண்ணி இறுமாவாமல், அழிவின் நடுவிலிருந்து கையில் கிடைத்த பேறாக எண்ணி வாழ வேண்டும் என்பதே கருத்து. இங்கே பிறரிடமிருந்து எதுவும் எடுக்கப்படவில்லை. இழந்தவர் என்று சுட்ட ஒருவரும் இல்லாத ஷாலால் இது ஒன்றே.

மனித குலம் இச்சொல்லின் பழைய பொருளைச் சட்டத்தினால் விலக்க நெடுங்காலம் ஆயிற்று. 1907ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்த விதிகள், போரிட்டுப் பிடித்த ஊரையும் சூறையாடலாகாது என்று தடுத்தன. 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா ஒப்பந்தமும் சூறையாடுதலை விலக்கியது. சட்டம் எழுதப்பட்டபின்னும் படை சென்ற நாடுகளில் வீடுகள் வெறுமையாக்கப்பட்டதை உலகம் கண்டிருக்கிறது. சட்டத்துக்குத் துணையாக மனப்பழக்கமும் வேண்டும். வெற்றிச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் இழந்தவர் யார் என்று கேட்கும் பழக்கத்தை இளமையிலேயே பிள்ளைகளுக்கு ஊட்டுவோமானால், ஒரு பழஞ்சொல்லை ஆராய்ந்ததன் பயன் நிறைவாகக் கிடைத்துவிடும்.